பீரோவுக்குள் ஒரு ஜோடி ஷூ

என் வீட்டில் பாதிகள் அதிகம். ஆறு பாடத்தோடு நின்ற வீணை ஒன்று உறைக்குள் தூங்குகிறது. திருநெல்வேலி வெயிலில் யாருக்காகத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாத ஒரு கம்பளி ஸ்வெட்டர், ஒரு கை மட்டும் முளைத்து டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. கார் ஓட்டப் பழகினேன். முன்னால் போக வரும், பின்னால் எடுக்க வராது. தலைப்பு மட்டும் எழுதி மூடிய நோட்டுகள் பதினொன்று. ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போய்விடுகிற காற்று நான் என்று என்னைப் பற்றி நானே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அந்த வரிக்கும் அடுத்த வரி கிடையாது.

தீபாவளி முடிந்து மழை பிடித்திருந்த ஒரு காலையில், பால் பூத் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். ஆற்றைக் காக்க ஓட்டம், பத்து கிலோமீட்டர், தை மாதக் கடைசி ஞாயிறு, யார் வேண்டுமானாலும் ஓடலாம். யார் வேண்டுமானாலும் என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கால் நிற்காது. பால் வாங்கி வருவதற்குள் பெயரைக் கொடுத்துவிட்டேன். எங்கள் மைனி பெயரையும் சேர்த்து.

என் கணவர் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அவரிடம் கேட்டால், கண்ணை மோட்டுவளைக்குச் செருகி ஒரு கணம் யோசிப்பார். பிறகு சொல்வது பிசகாது. நோட்டீஸை வாங்கி அதே மாதிரிதான் பார்த்தார்.

"ஆறரைக்கு கொக்கிரகுளத்துல புறப்படணும். மேலப்பாளையம் சந்தையைத் தாண்டிப் போயி, அதே வழியா திரும்பி வரணும். எட்டு மணி வரைக்கும்தான் டயம். அதுக்கு மேல ரோட்டைத் தொறந்துருவாங்க, பின்னால வேன் வந்து மிச்சம் இருக்கவங்களை ஏத்திக்கும்" என்றார். கண் மேலே போய் இறங்கியது. "சரி. திரும்பி வார வழியில, ஏழாவது கிலோமீட்டர்ல ஒரு டீக்கடை இருக்கு பாத்துக்க. ஏழே முக்காலுக்கு அங்கன வண்டியோட நிக்கேன்."

"எதுக்கு?"

"உன்னைக் கூட்டிட்டு வரத்தான்."

கேலி இல்லை. மழை வரும், குடை எடுத்துக்கோ என்பது போலச் சொன்னார். அதுதான் உறுத்தியது. இருபத்திரண்டு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்தும் ஒரு மனிதர், நான் எங்கே நிற்பேன் என்பதைக் கிலோமீட்டர் கணக்கில் தெரிந்து வைத்திருக்கிறார். அன்றைக்கு முடிவு செய்தேன்: வேறு எது பாதியில் நின்றாலும் சரி, இந்த ஒன்றை முடித்துவிட வேண்டும். முதலாவதாக வரவேண்டாம், நூறாவதாகவும் வரவேண்டாம். அந்த வேனில் ஏறக் கூடாது. அந்த டீக்கடையில் நிற்கக் கூடாது.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. அடுத்த தெரு. வீட்டின் முன்னறையில் பிளவுஸ் தைக்கிறார். எனக்கு நேர் எதிர். எடுத்த துணியைக் கொக்கி, காஜா, ஓரம் எல்லாம் முடித்துத்தான் மெஷினை விட்டு எழும்புவார். பெயர் கொடுத்த விஷயத்தைச் சொன்னபோது வாயில் ஊசி வைத்திருந்தார். ஊசியை எடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏளா, உனக்கென்ன கோட்டியா? எனக்கு ஐம்பது ஆவுது. என்னைய நாய் தொரத்தினாலே பையத்தான் ஓடுவேன்."

"நானும் பையத்தான் ஓடப் போறேன் மைனி."

"என்ன போட்டுக்கிட்டு ஓடுவ? இந்த வார்ச் செருப்பையா?"

அப்படித்தான் ஒரு சாயங்காலம் ஜங்ஷன் பக்கம் செருப்புக்கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஷூ எதையும் எடுக்காமல் கை நீட்டினார்.

"கால்ல கெடக்கத கழத்துங்க."

கழற்றிக் கொடுத்தேன். திருப்பி, அடிப்பாகத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெளி ஓரம் தேயுது. முன்னங்காலு அதுக்கும் மேல. நீங்க நடக்க மாட்டிய, எங்கயாவது தப்பிச்சுப் போற மாதிரி போவிய."

எனக்குக் கன்னம் சுட்டது. மைனி வாயைப் பொத்திக்கொண்டார். "அண்ணாச்சி, செருப்பு ஜோசியம்லா பாக்குதிய! எனக்கும் சொல்லுங்க."

மைனியின் செருப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்து, சொல்ல ஒன்றுமில்லை என்பது போலத் தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் வந்தது நல்லது என்றார். நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் பருத்திருக்கும். ஓடும்போதும் அந்த அளவுக்குத்தான் பருக்கும். காலையில் அளவெடுத்தால் ஏமாற்றிவிடும். ஒரு ஷூவை எடுத்து இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினார். விரல் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் அதைத் தொடவே கூடாது. குதிகாலைப் பிடிக்கும் பகுதியை அமுக்கினால் பப்படம் மாதிரி நொறுங்கக் கூடாது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்து விழுந்துவிடும்.

எனக்கும் மைனிக்கும் ஒரே அளவு, ஏழு. கல்யாண வீடுகளில் எங்கள் செருப்பு மாறாத நாளே இல்லை. அண்ணாச்சி சொன்ன லட்சணமெல்லாம் உள்ள ஷூ ஒரே ரகத்தில் இரண்டு ஜோடிதான் எங்கள் அளவுக்கு இருந்தது. ஒன்று நீலம், மழைக்குப் பிறகு தெரிகிற பொதிகை மலையின் நீலம். இன்னொன்று பழுத்த மாம்பழம். இரண்டு பேருக்கும் நீலத்தின் மேல்தான் கண். மைனி என் முகத்தைப் பார்த்துவிட்டு மாம்பழத்தை எடுத்துக்கொண்டார்.

"இன்னையிலருந்து போட்டு நடங்க" என்றார் அண்ணாச்சி. "வீட்டுக்குள்ள, தெருவுல, எங்கன வேணும்னாலும். ஒரு மாசமாவது காலுக்குப் பழகட்டும். ஓட்டத்தன்னைக்குப் புதுசா மாட்டிராதிய."

இரண்டு பேரும் தலையாட்டினோம். கடையை விட்டு இறங்கியதும் மைனி சொன்னார்: "அவரு கெடக்காரு. புதுச இப்பவே போட்டு அழுக்காக்கவா?"

இதை எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தீபாவளித் துணி ஒரு மாதம் முன்பே வந்துவிடும். பீரோவில் இருக்கும். தினமும் எடுத்துப் பார்க்கலாம், தடவலாம், மோந்து பார்க்கலாம், அடுத்த வீட்டாருக்குக் காட்டலாம். உடுத்த மட்டும் கூடாது. அது அந்த நாளுக்குச் சொந்தம். அன்று காலையில் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்துப் பிறகுதான் உடம்பில் ஏறும். முப்பது வருடமாகப் பிளவுஸ் தைக்கும் மைனி இந்தச் சட்டத்தின் காவல்காரர். "அன்னைக்குப் போடுங்க, முன்னாலயே போட்டு மவுசைக் கெடுக்காதிய" என்று வருகிற பெண்களிடமெல்லாம் சொல்லித்தான் துணியைக் கொடுப்பார்.

ஆனால் ஷூவுக்கு மஞ்சள் வைக்கலாமா? காலில் போடுவதாயிற்றே! என் வீட்டுக் கூடத்தில் நின்று பத்து நிமிடம் விவாதித்தோம். கடைசியில் பெட்டியின் மூடியில் ஒரு பொட்டு மஞ்சள் வைப்பது என்று சமரசம் ஆனது. என் நீலம் பட்டுச்சேலைகளுக்கு மேல், அந்துருண்டை வாசத்துக்கு நடுவே பீரோவில் அமர்ந்தது. மைனியின் மாம்பழம் அவர் வீட்டுப் பீரோவுக்குப் போனது.

பயிற்சிக்கு? அதற்கு என் மகள் பள்ளிக்கூட நாளில் போட்டு, வீட்டில் விட்டுப்போன வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இருந்தது. கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிற அவள் போனில் சிரித்தாள். "அம்மா, அது என் பிடி ஷூ. அதுல பெருவிரல் பக்கம் ஓட்டை இருக்கும்." இருந்தது. பெருவிரல் அந்த ஓட்டை வழியே உலகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடியது. மைனி தன் பழைய செருப்பிலேயே வந்தார்.

மைனிதான் ஓட்டத்துக்கும் அளவு போட்டார். "இந்தக் கரண்டுக் கம்பத்துலருந்து அந்தக் கம்பம் வரைக்கும் ஓடு. அடுத்த கம்பம் வரைக்கும் நட. தையல் மாதிரிதான். ஒரு குத்து, ஒரு இழு." முதல் நாள் மூன்று கம்பத்தில் எனக்கு நெஞ்சுக்குள் உலக்கை விழுந்தது. கார்த்திகை மழையில் நனைந்து ஓடினோம். மார்கழிப் பனியில், ஒலிபெருக்கிப் பாட்டுக்கு நடுவே ஓடினோம். ஆற்றங்கரை மருத மரங்களுக்கடியில் இருட்டு கடைசியாகக் கலையும். தாமிரபரணி புகைந்துகொண்டு கிடக்கும். குளிக்க வந்தவர்கள் தண்ணீரில் ஒரு காலை வைத்துவிட்டு, இறங்கவா வேண்டாமா என்று நிற்பார்கள். நான் பார்த்ததெல்லாம் வாக்கியமாகும், வாக்கியம் பாதியில் இருக்கும்போது கம்பம் வந்துவிடும், மூச்சு வாங்கும்போது வாக்கியம் போய்விடும். தொலைத்த வாக்கியங்களின் ஆறு அது. வருத்தமே இல்லை. தை பிறந்தபோது, ஓட்டமும் நடையுமாக எட்டு கிலோமீட்டர் வந்திருந்தது. தினமும் வீடு திரும்பியதும் பீரோவைத் திறந்து நீலத்தை ஒரு தடவை தடவிப் பார்ப்பேன்.

அந்த ஞாயிறும் வந்தது. அதிகாலை பெட்டியைத் திறந்து ஷூவைப் போட்டேன். கால் இரண்டும் கல்யாணப் பெண் மாதிரி விறைத்து நின்றன. கணவர் எழுந்து ஹெல்மெட் இரண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏழே முக்கால், டீக்கடை" என்றார்.

"அங்கன நிக்காதிய. முடியுற இடத்துக்கு வாங்க."

"முதல்ல அங்கன நிக்கேன். அப்புறம் பாக்கலாம்."

கொக்கிரகுளத்தில் நானூறு ஐந்நூறு பேர் இருப்பார்கள். விசில் ஊதியதும் புது ஷூ திமிரில் மைனியை விட்டுவிட்டு நான் பறந்தேன். கம்பக் கணக்கெல்லாம் காற்றில் போனது. வயல் பக்கமிருந்து ஈரக் காற்று வந்து முகத்தைத் தடவியது. மேலப்பாளையத்தில் ஒரு வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண், மடியில் முறத்தோடு எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"எங்கக்கா இம்புட்டு அவசரம்? பஸ்ஸு வரும்லா, ஏறிப் போங்க!"

தெருவே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே ஓடினேன். அப்போதுதான், நாலாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில், இடது குதிகாலில் யாரோ கிள்ளினார்கள்.

கிள்ளல் கடியானது. புதுச் செருப்பு கடிக்கும் என்பது இந்த ஊரில் நடக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் இருந்தேன். சந்தையைத் தாண்டி ஐந்தில் திரும்பியபோது ஒவ்வொரு எட்டிலும் கண்ணில் மின்னல். ஆறாவது கிலோமீட்டரில், பாளையங்கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். ஷூவைக் கழற்றினால், எட்டணா அகலத்துக்குத் தோல் உரிந்து சுருண்டிருந்தது. காலுறை நனைந்து சிவந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது கிலோமீட்டர்கூட இல்லை, ஆறு. அவர் கணக்குக்கே ஒன்று குறைவு. வீணை, ஸ்வெட்டர், கார், பதினொரு நோட்டு எல்லாம் அந்தச் சுவரில் என் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தன.

மைனி வந்தார். அதே சீர், அதே எட்டு. கம்பத்துக்குக் கம்பம்.

"என்னளா, ஏன் உக்காந்துட்ட?"

"கடிச்சுட்டு மைனி."

குனிந்து பார்த்தார். ஷூவைக் கையில் எடுத்து வளைத்தார். விறைப்பு இன்னும் விடவில்லை.

"நீ இதைப் போட்டே பாக்கலையா? ஒரு நாள்கூட?"

"நீங்கதான அன்னைக்குத்தான் போடணும்னு சொன்னிய!"

"நான் ஆயிரம் சொல்லுவேன்!"

அப்போதுதான் அவர் காலைக் கவனித்தேன். மாம்பழத்தின் மூக்கில் மூன்று மடிப்பு விழுந்திருந்தது. ஓரமெல்லாம் சிமெண்டுப் பொடி. பழைய ஷூ.

"மைனி. உங்க ஷூ ஏன் இப்படி இருக்கு?"

மைனி வாய்க்காலைப் பார்த்தார். ஆகாயத்தைப் பார்த்தார்.

"ட்ரையல் பாத்தேன்" என்றார்.

"எங்க?"

"மொட்டை மாடியில. நீ ஓட வாரதுக்கு முன்னால, கருக்கல்ல. ஒரு மாசமா. உங்க அண்ணனுக்கே தெரியாது." அப்புறம் கோபமாகச் சொன்னார்: "துணியத் தைச்சு ட்ரையல் பாக்காம எவளாவது குடுப்பாளா? அண்ணாச்சி சொன்னது அன்னைக்கு ராத்திரியே எனக்கு மண்டையில ஏறிட்டு. சொன்ன வாயால மாத்திச் சொல்ல வெக்கமா இருந்துது. நீயும் வீட்டுக்குள்ள போட்டு நடப்பேன்னு நெனச்சேன். நீ என் பேச்சைக் கேப்பேன்னு நான் கண்டனா? என்னைக்குக் கேட்டிருக்க?"

சிரிப்பு வந்துவிட்டது. வலியும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் கண்ணில் தண்ணீர் வரும். அது வழியாகத் தூரத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. வேன். "ஏறிக்கோங்க, ஏறிக்கோங்க" என்று ஒலிபெருக்கி. உள்ளே நான்கு பேர் வாழைப்பழம் தின்றுகொண்டு வந்தார்கள். பார்ப்பதற்குச் சுகமாகத்தான் இருந்தது.

"அதையே பாக்காத" என்ற மைனி, பக்கத்தில் உட்கார்ந்து தன் இடது ஷூவைக் கழற்றினார். இடுப்புப் பையில் எப்போதும் இருக்கும் பிளவுஸ் பிட்டுத் துணியில் ஒன்றை எடுத்து என் குதிகாலைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் மாம்பழத்தை மாட்டிவிட்டார். என் நீலத்தைத் தன் காலுக்குள் அமுக்கினார்.

"உங்களைக் கடிக்கும் மைனி."

"கடிக்கட்டும். மெஷின் மிதிச்ச காலு. பல்லுதான் போவும் அதுக்கு."

"அப்ப இன்னொண்ணு?"

"வலது உன்னைக் கடிக்கலலா? பேசாம எந்திரி. அடுத்த கம்பம் வரைக்கும் ஓடு."

எழுந்தேன். முதல் எட்டு நெருப்பு. இரண்டாவது வெந்நீர். மாம்பழம் என் காலைத் தெரிந்த மாதிரிப் பிடித்துக்கொண்டது; ஒரு மாதத்து மொட்டை மாடி அதற்குள் இருந்தது. ஒரு கம்பம் ஓடி, ஒரு கம்பம் நடந்து, வேனின் சத்தம் முதுகில் பட மேலப்பாளையத் தெருவில் திரும்பி வந்தோம். முறக்காரப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"இன்னும் பஸ் வரலையாக்கா? யம்மா, ரெண்டு பேரும் செருப்ப மாத்திப் போட்டுருக்கிய!"

"கல்யாண வீட்டுலருந்து வாரோம்" என்றார் மைனி, நிற்காமல்.

பிறகு அந்த டீக்கடை வந்தது. எங்கள் ஸ்கூட்டர் வேப்பமரத்தடியில் நின்றது, சீட்டில் எனக்கான ஹெல்மெட். அவர் சாலைக்கு முதுகைக் காட்டி, கையில் கிளாஸோடு டீ மாஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். மணி ஏழரை. அவர் கணக்கில் நான் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வண்டி வருவதற்கு முன்னால் அவர் சாலையைப் பார்க்க மாட்டார். ஒரு வார்த்தை போதும். என்னங்க என்றால் திரும்புவார். திரும்பினால் என் காலைப் பார்ப்பார், போதும், ஏறு என்பார். நான் ஏறிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

"கூப்பிடவா?" என்றார் மைனி மெதுவாக.

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் முதுகுக்குப் பின்னால், பால் திருடிய பூனைகள் மாதிரி அடி வைத்துக் கடந்தோம். அந்தக் கம்பம் நடக்கிற கம்பம். அதிலும் ஓடினேன்.

மிச்சம் மூன்று கிலோமீட்டரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கம்பங்கள் இருந்தன. கடைசியில் ஆற்றங்கரை வந்தது. துணிப் பந்தலும், கை தட்டுகிற பத்துப் பேரும், சுருட்டத் தொடங்கியிருந்த பேனரும் வந்தன. கோட்டைத் தாண்டியபோது பெரிய கடிகாரம் ஏழு ஐம்பத்தெட்டு காட்டியது. மைனி என் பின்னாலேயே வந்து தரையில் உட்கார்ந்து, நீலத்தைக் கழற்றிப் பார்த்து, "சவத்தெழவு, நல்லாத்தான் கடிக்குது" என்றார்.

போன் அடித்தது.

"எங்கன நிக்க? மணி எட்டாவுது, உன்னைக் காணல. வேனு இப்பதான் போவுது, அதுலயும் இல்ல. மேலப்பாளையத்துலயே உக்காந்துட்டியா? இடத்தைச் சொல்லு, வாரேன்."

"கொக்கிரகுளத்துக்கு வாங்க."

"கொக்கிரகுளமா? எதுல போன?"

"ஓடித்தான்."

அந்தப் பக்கம் கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பின்னால் டீ ஆற்றுகிற ஓசை.

"கடையைத் தாண்டியா?"

"ஆமா. நீங்க முதுகைக் காட்டிட்டு டீ குடிச்சிட்டு இருந்திய."

வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மைனியின் காலைப் பார்த்தார். நீலமும் மாம்பழமும், மாம்பழமும் நீலமும். பிறகு கடிகாரத்தின் பக்கம் திரும்பினார்.

"எத்தனைக்கு வந்த?"

"ஏழு ஐம்பத்தெட்டு."

கண் மேலே செருகவில்லை. கணக்குப் போட ஒன்றும் இல்லை. எங்களுக்கு இளநீர் வாங்கக் கடைப்பக்கம் போனவர், போகும்போதே டிப்போவுக்குப் போன் போட்டார். இன்றைக்கு ட்யூட்டிக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்ல. வீணையை நான் இன்றுவரை எடுக்கவில்லை, ஸ்வெட்டருக்கு இன்னும் ஒரு கைதான். ஆனால் இளநீர்க் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் போனில் சொன்னது எனக்குக் கேட்டது:

"இல்லவே, ஒண்ணும் ஆவல. எங்க வீட்டு வண்டி ரெண்டு நிமிசம் முன்னாலயே வந்துட்டுவே."